களிமண் மீது குற்றமில்லை

அனுப்புநர்:
பார்மேனியோ திபதுயிசா,
பால் லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
எல் ரின்கோன் பகுதி, சோக்காச்சியா,
பொயாக்கா மாகாணம், கொலம்பியா.

பெறுநர்:
திரு. எவெலியோ பாச்சேக்கோ அவர்கள்,
விளையாட்டு மற்றும் பொழுதுபோக்குத் துறைச் செயலர்,
நகராட்சி அலுவலகம், சோக்காச்சியா.

பொருள்: நகராட்சி தேஹோ களத்தின் களிமண் குறித்து 30.10.2023 அன்று நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல். அதன் பேரில் ஊழியர் கொன்ராதோவுக்குத் தரப்பட்ட எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்யக் கோருதல். மேலும், பீர்ப் பெட்டி வாங்கினால்தான் களம் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, ஒரு களத்தையாவது வாடகைக்குத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் பெயரைப் பார்த்ததுமே தங்கள் அலுவலக எழுத்தர் பெருமூச்சு விட்டிருப்பார். கடந்த பத்தாண்டுகளில் இந்த நகராட்சிக்கு ஒன்பது மனுக்கள் கொடுத்தவன் நான். தெருவிளக்கு, சாக்கடை மூடி, கோவில் மணி நேரம் தவறி அடிப்பது என்று பலதும் உண்டு. அவற்றில் எட்டு மனுக்கள் நியாயமானவை என்று இன்றும் சொல்வேன். ஒன்பதாவது மனுவைப் பற்றித்தான் இந்தப் பத்தாவது மனு. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நான்காம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் ஆறு வருடப் படிப்பு என்று சொல்லிக்கொள்வேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. தாங்கள் கடலோரத்திலிருந்து இவ்வாண்டுதான் இங்கு பொறுப்பேற்றீர்கள் என்பதால், தேஹோ பற்றி நாலு வரி. பத்தொன்பது மீட்டர் சொச்சம் தள்ளி நின்று, உள்ளங்கை அளவு இரும்பு வட்டை எறிந்து, எதிரே மரச் சட்டத்தில் பிசைந்து அப்பிய களிமண்ணில் பதிக்க வேண்டும். களிமண்ணின் நடுவே ஓர் இரும்பு வளையம் புதைந்திருக்கும். அதன் விளிம்பில் வெடிமருந்து மடித்த காகிதப் பொட்டலங்கள் இருக்கும். பொட்டலம் வெடித்தால் மூன்று புள்ளி, வட்டு வளையத்துக்குள் பதிந்தால் ஆறு. இரண்டும் ஒரே எறியில் நடந்தால் ஒன்பது. அப்படி நடந்த நாளைத் தங்கள் கல்யாண நாளைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கும் ஆட்கள் இங்கு உண்டு. முதலில் இருபத்தேழு எடுப்பவர் ஜெயித்தவர். தோற்றவர் ஜெயித்தவருக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும். இந்தக் கடைசி விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் மற்ற விதிகளை மறந்தவர்கள்கூட இதை மறப்பதில்லை.

2. நகராட்சிக் களத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் மிசாயேல் சியாபாத்தோ. என் நண்பர். என் மகள் நூரியை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும் அவரே. அவர் களத்துக்கு வாடகை வாங்குவதில்லை. ஒரு பெட்டி பீர் வாங்கினால் களம் இலவசம். பெட்டி காலியானால் அடுத்த பெட்டி வாங்கலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். சுற்று வட்டாரத்தில் எல்லாக் களங்களிலும் இதுதான் வழக்கம். முப்பது வருடமாக நான் இதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. சலுகை என்றுதான் நினைத்திருந்தேன்.

3. நூரிக்கு இப்போது வயது இருபத்தொன்பது. பத்து வயதில் அவள் கையில் முதல் வட்டைக் கொடுத்தவன் நான். பதினெட்டு முடிந்த அன்று முதல் பீரைக் கொடுத்தவனும் நான்தான். அவள் ஆண்களுக்குச் சமமாக எறிவாள், ஆண்களுக்குச் சமமாகக் குடிப்பாள், ஆண்களைப் போல உளற மாட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலு பாட்டிலுக்குப் பிறகுதான் அவள் கை நிதானத்துக்கு வரும் என்பதை ஒரு திறமையாக விளம்பரம் செய்தேன். வெளியூர் அணி முதல் இரண்டு சுற்றில் முந்தினால், “அவசரப்படாதீங்க, எம்பொண்ணு இன்னும் நாலு குடிக்கலை” என்று சொல்லி அவர்களைப் பயமுறுத்துவேன். நோயின் அறிகுறியைக் காட்டி எதிரணியை மிரட்டிய தகப்பன் இந்த மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன் ஐயா.

4. என் தொழில் பால் எடுப்பது. காலை நாலரை மணிக்கு லாரியைக் கிளப்பினால் முப்பத்திரண்டு பண்ணைகள். கேன் மூடியைத் திறந்ததும், அந்தப் பால் மதியத்துக்குள் திரியுமா திரியாதா என்று மூக்கால் சொல்லிவிடுவேன். கூட்டுறவுச் சங்கத்தில் இதற்காக எனக்கு ஒரு முறை பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதே லாரியில், மூன்று வருடமாக, என் பக்கத்து இருக்கையில் கேன் தூக்கிக் கொடுக்க நூரி வந்தாள். அவளிடமிருந்து வந்த வாடையை மட்டும் பாராட்டுப் பெற்ற அந்த மூக்கு புதினா மிட்டாய் என்றே எடுத்துக்கொண்டது.

5. என் மனைவி எல்வியாவுக்கு மூக்கு சாதாரண மூக்குதான், ஆனால் கண் இருந்தது. எங்கள் வீட்டில் காலையில் பாலில் முட்டையும் வெங்காயத்தாளும் போட்ட சூப். ஒரு நாள் அவள் என்னைச் சமையலறை ஓரம் இழுத்து, “ஏங்க, கவனிச்சீங்களா? அவ ஸ்பூனையே தொடறதில்ல. கிண்ணத்த ரெண்டு கையாலயும் புடிச்சுத் தூக்கிக் குடிக்கறா” என்றாள். குளிருக்கு அது இதமாக இருக்கும் என்று பதில் சொன்னேன். சொன்னதோடு விடாமல், மறுநாள் நானும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று மகளுக்கு ஆதரவு வேறு கொடுத்தேன். அப்போது எல்வியா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மனுத்தாள் போதாது.

6. சென்ற ஆண்டு அக்டோபர் 29, உள்ளாட்சித் தேர்தல் ஞாயிறு. வழக்கம்போல் சனி மாலையிலிருந்து மதுத்தடை. வீட்டில் இருந்த பாட்டில்களை, ஓட்டுப் போட வந்திருந்த என் மைத்துனர்கள் சனிக்கிழமை மதியமே முடித்துவிட்டார்கள். பக்கத்து ஊர் அணியோடு எங்களுக்கு மாகாணப் போட்டிக்கான தகுதி ஆட்டம் அன்று மாலை நடந்தது. தள்ளிவைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தி, வெல்லத் தண்ணீர் காய்ச்சி வைத்து, என் நினைவில் முதல் முறையாக அந்தக் களத்தில் பீர் இல்லாமல் தேஹோ ஆடினோம்.

7. நூரியின் முதல் எறி பலகையில் பட்டது. இரண்டாவது, பலகைக்கு மேலே பறந்து அடுத்த களத்தில் விழுந்தது. அவள் நெற்றி வேர்த்தது. எங்கள் ஊரில் அக்டோபர் மாலையில் வேர்ப்பது நடக்காத காரியம். கையைக் கம்பளிப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள். இரும்பை எடுக்க வெளியே நீட்டியபோது அது நடுங்கியது. ஐம்பது பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, நேராக எதிர்ப் பலகைக்கு நடந்து போய், களிமண்ணில் விரலை விட்டு, “தண்ணி அதிகம். இந்த மண்ணுல எவனால எறிய முடியும்?” என்று கத்தினேன். அந்த மண்ணில் எதிரணி இருபத்தேழு புள்ளி எடுத்து வீட்டுக்குப் போனது.

8. மறுநாள் திங்கள் காலை, பால் இறக்கிய கையோடு, புகாருக்கு ஆதாரமாகக் களிமண் எடுக்க ஒரு தயிர் டப்பாவுடன் களத்துக்குப் போனேன். தடை விலகி மிசாயேல் கடையைத் திறந்திருந்தார். பால் இறக்கும்போதே நழுவிப்போன நூரி கவுண்டரில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு காலி பாட்டில், மூன்றாவது கையில். என்னைப் பார்த்துச் சிரித்து, “ஒரு எறி எறியட்டுமாப்பா?” என்றாள். அதே களம். அதே மண், ராத்திரி முழுக்க ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்ததால் முந்தின நாளைவிட ஈரம் கூடுதல். எறிந்தாள். பொட்டலம் வெடித்தது. இன்னொன்று எறிந்தாள். அதுவும் வெடித்தது. நான் கையில் தயிர் டப்பாவோடு நின்றேன். டப்பாவுக்குள் போக வேண்டிய மண், என் புகாருக்கு எதிர்த்தரப்புச் சாட்சியாக மாறிவிட்டது.

9. இவ்வளவும் கண்ணால் கண்ட பிறகு, ஐயா, நான் அங்கிருந்து நேராக இந்த அலுவலகத்துக்கு வந்து அந்தப் புகாரைக் கொடுத்தேன். ஏழு அம்சங்கள், இரண்டு பக்கம், இணைப்பாகத் தயிர் டப்பா. காரணம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். களிமண்ணைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது.

10. நான் எதிர்பார்க்காதது, அந்தப் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. முந்தைய எட்டு மனுக்களுக்கு ஒரு பதில்கூட வராத அலுவலகம், இதற்கு மட்டும் ஆறு களங்களிலும் மண்ணை மாற்றி, மண் பிசையும் ஊழியர் கொன்ராதோவுக்கு ‘கவனக்குறைவு’ என்று எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தது. இருபத்திரண்டு வருட வேலையில் அவருக்கு வந்த முதல் கடிதம். அந்த மண்ணில் ஒரு குற்றமும் இல்லை. அவர் கையில் ஒரு பிசகும் இல்லை. இதை நான் எழுத்தில் தருகிறேன்.

11. அடுத்த மூன்று வாரமும் நான் கேன் மூடிகளைத் திறந்து மோந்துகொண்டே இருந்தேன். நவம்பர் 22, புதன்கிழமை, பதினான்காவது பண்ணைக்கும் பதினைந்தாவது பண்ணைக்கும் நடுவில், சாலையைப் பார்த்தபடியே சொன்னேன்: “மண்ணு நல்லாத்தாம்மா இருந்துச்சு.” அவள் பதினைந்தாவது பண்ணையில் கேன் ஏற்றினாள். பதினாறில் ஏற்றினாள். பதினேழில் மூடி கைநழுவி விழுந்து உருண்டது. அதை எடுக்காமல் லாரிப் படியில் உட்கார்ந்து, “தெரியும்ப்பா. நீங்க மண்ணப் பத்தி மனு எழுதிட்டு இருந்தப்பவே தெரியும். என்னைப் பத்தி யாராவது ஒரு மனு குடுத்துட மாட்டாங்களான்னு இருந்துச்சு” என்றாள். பிறகு தானே சொன்னாள்: விழித்ததும் முதலில் அதுதான், லாரி ஏறும் முன் கால்வாசி பாட்டில், புதினா மிட்டாய், பண்ணைகளுக்கு நடுவில் இருக்கும் கடைகளில் ‘தண்ணி குடிக்க’ இறங்கியது. இரண்டு வருடமாக. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒன்றரை முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வருடம்.

12. அன்று மீதிப் பண்ணைகளின் பால் எடுக்கப்படவில்லை. அது தொடர்பாக யாரேனும் புகார் கொடுத்திருந்தால் அது முழுக்க நியாயமானது. சுகாதார நிலையத்து டாக்டர், சட்டென்று வீட்டில் வைத்து நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்து, மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எட்டு நாள் உள்ளே. பிறகு மூன்று மாதம், வாரம் இருமுறை, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஒரு குழு. முதல் கூட்டத்துக்குத் துணைக்குப் போனவன் நான். “நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?” என்று கேட்டார்கள். யோசித்தேன். மகளோடு சேர்ந்து நானும் நிறுத்திவிட்டேன். எல்வியா இதைக் கேள்விப்பட்டு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள், நூரிக்கு ஒன்று, எனக்கு இரண்டு.

13. வெளியே வந்ததும் எல்லோரும் தந்த புத்திமதி ஒன்றே ஒன்று: தேஹோவை விட்டுவிடு, அது கள்ளுக்கடையும் களமும் ஒன்றான இடம். நூரி கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம், “அப்பா, பீர விட்டுட்டேன். இரும்ப விடச் சொல்லாதீங்க. அதையும் விட்டா என்கிட்ட நான்னு சொல்ல என்ன இருக்கு?” என்றாள். இந்த மனுவின் சாரம் அந்தக் கேள்விதான் ஐயா. மற்றதெல்லாம் இணைப்பு.

14. ஆகவே மிசாயேலிடம் போய், பெட்டி இல்லாமல் களம் கேட்டேன். மனிதர் கெட்டவரல்ல. தலையைச் சொறிந்தார். “மச்சான், பெட்டி வாங்கு. ஆனா தொறக்காத. வாங்கணும்னுதான் சட்டம், குடிக்கணும்னு இல்ல” என்று ஒரு வழி சொன்னார். அப்படியே செய்தோம். எறியும் கோட்டுக்குப் பக்கத்தில் மூடிய பெட்டி. பக்கத்துக் களத்தார் அதற்கு மாலை போட்டார்கள், ‘சாமிப் பெட்டி’ என்று பெயர் வைத்தார்கள், போகிற வருகிறவர்கள் கும்பிட்டார்கள். நானும் சிரித்தேன், சிரிக்கத்தானே வேண்டும். மூன்றாம் நாள் நூரி வட்டைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பொட்டி என்னையே பாத்துக்கிட்டு இருக்குப்பா. வாங்க போலாம்” என்றாள். போய்விட்டோம்.

15. பால் கூட்டுறவுச் சங்கத்தின் பின்முற்றத்தில் இடம் கேட்டு வாங்கினோம். பழைய பலகைகளில் சட்டம் அடித்தேன். மண் பிசைய ஆள் வேண்டும். ஊரில் அது தெரிந்தவர் ஒருவர்தான், அவர் மீது புகார் கொடுத்தவனும் ஒருவன்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொன்ராதோ வீட்டு வாசலில் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். “புகார் எழுதின கை எதுன்னு காட்டு” என்றார். காட்டினேன். “கை ஒழுங்காத்தான் இருக்கு. கால்தான் வேலை செய்யணும். வா, வந்து மிதி” என்றார். ஜனவரிக் குளிரில், வெறுங்காலோடு, ஒன்றரை மணி நேரம் களிமண்ணை மிதித்தேன். இன்னும் ஈரம் அதிகம் என்று இடையில் இரண்டு முறை சொன்னார். அது வேண்டுமென்றே சொன்னதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

16. அணிக்கு மூன்று பேர் வேண்டும். மூன்றாவதாக எல்வியா. ஆயுளில் இரும்பைத் தொடாதவள், இரண்டே மாதத்தில் பொட்டலங்களை வெடிக்கத் தொடங்கினாள். முப்பத்தொரு வருடத் திருமண வாழ்வில் அவள் என்மீது எதையும் எறிந்ததில்லை. அவளுக்கு இவ்வளவு குறி உண்டு என்று தெரிந்ததும், அதற்காக அவளுக்குத் தனியாக நன்றி சொன்னேன். ஊர் எங்களுக்கு ‘வெல்லத் தண்ணி அணி’ என்று பெயர் வைத்தது. கிண்டலுக்கு வைத்த பெயரை எல்வியா சட்டை முதுகில் தைத்துவிட்டாள். அதன்பின் கிண்டல் செய்ய அவர்களுக்கு ஒன்றுமில்லாமல் போனது.

17. இந்த ஆண்டு செப்டம்பர் திருவிழாப் போட்டியில் பதினான்கு அணிகள். தாங்கள் அன்று மேடையில் இருந்தீர்கள். ஆனால் எறி நடந்தது மேடைக்குப் பின்புறம் என்பதால் முறைப்படி தெரிவிக்கிறேன். இறுதி ஆட்டம் எங்களுக்கும் மிசாயேலின் சொந்த அணிக்கும். அவர்கள் இருபத்து நான்கு, நாங்கள் பதினெட்டு. அவர்களுக்கு இன்னும் ஒரு பொட்டலம் வெடித்தால் போதும். என் முறையில் என் வட்டு களிமண்ணைத் தொடவே இல்லை. அது மிசாயேலின் தொப்பிக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. “மாமன் மச்சான் பகையெல்லாம் வெளிய வெச்சுக்க” என்று யாரோ கத்தினார்கள். எல்வியாவின் வட்டு களிமண்ணின் ஓரத்தில் புதைந்தது. மீதி இருந்தது நூரி. ஒன்பது புள்ளி எடுத்தால் ஒழிய வேறு வழியில்லை.

18. அவள் கோட்டுக்குப் போகும் முன் என்னிடம் வந்தாள். போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, ஐந்து விரலையும் விரித்து, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “நல்லாப் பாத்துக்கோங்க” என்றாள். பார்த்தேன். போன தடவை பார்த்தும் பார்க்காத கையை, இந்தத் தடவை விரல் விரலாகப் பார்த்தேன். ஓர் அசைவு இல்லை. திரும்பிப் போனாள், எறிந்தாள். சத்தம் கேட்டது, புகை எழுந்தது, புகை விலகியபோது வட்டு வளையத்துக்குள் செருகி நின்றது. இருபத்தேழு. எல்வியா அழுதாள். கொன்ராதோ முதலில் ஓடிப்போய் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, “ஈரம் சரியா இருக்கா ஐயா?” என்று ஊர் கேட்கக் கேட்டார். மிசாயேல் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசி, “எம்பொண்ணுடா அவ. நான் தூக்கி ஞானஸ்நானம் குடுத்தது. அப்பன் யாருன்னு எனக்குத் தெரியாது” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். தோற்ற அணித் தலைவர் பேசியது அது.

19. தோற்றவர் ஜெயித்தவருக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும். ஜெயித்தவர் குடிப்பது வெல்லத் தண்ணீர். மிசாயேலின் கடையில் கூரை முட்டப் பீர் இருந்தது, ஒரு கட்டி வெல்லம் இல்லை. திருவிழா என்பதால் கடைகள் மூடியிருந்தன. நூற்றுப் பத்து கிலோ மனிதர், பாதிரியார் வீட்டுச் சமையலறை வரை ஓடி, ஆறு கட்டி வெல்லம் கடன் வாங்கிவந்து, அண்டாவில் காய்ச்சி, எங்கள் ஊர் வழக்கப்படி பாலாடைக் கட்டி நறுக்கிப் போட்டு, கூடியிருந்த அத்தனை பேருக்கும் தன் கையால் ஊற்றினார். முதல் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி நூரியிடம் நீட்டினார். அந்தக் களத்தில் அன்று மீதிப் பொழுது முழுக்க வெல்லம் மணத்தது. என் மூக்கு இதில் தவறு செய்யவில்லை என்று உறுதியளிக்கிறேன்.

20. இப்போது குறை. வெற்றி பெற்றதால் டிசம்பர் 7 அன்று நடக்கும் மாகாணப் போட்டியில் சோக்காச்சியாவின் பெயரில் நூரி ஆட வேண்டும். ஆனால் கூட்டுறவுச் சங்கம் புதுக் குளிரூட்டும் தொட்டி வைப்பதால் முற்றத்தில் பாதி போய்விட்டது. மீதி இடத்தில் பதினோரு மீட்டருக்கு மேல் எறிய முடியாது. நகராட்சிக் களத்தைக் கேட்டால் மறுபடியும் பெட்டி. மிசாயேல் இந்தத் தடவை ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டினார். முந்தைய நிர்வாகம் போட்ட ஏழாவது பிரிவு: களம் ஒவ்வொரு முறை திறக்கப்படும்போதும் குத்தகைதாரர் குறைந்தது ஒரு பெட்டி விற்க வேண்டும், தவறினால் குத்தகை ரத்து. ஊர்க் களத்தில் ஊர்க்காரன் குடித்தே ஆக வேண்டும் என்று ஊர் நிர்வாகமே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. “என்னைத் திட்டாத மச்சான். மேலிடத்துக்கு எழுது. எழுதறதுல நீ கில்லாடியாச்சே” என்றார் மிசாயேல். அவருடைய சம்மதக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. அதில் எழுத்துப் பிழை என்னுடையதைவிட அதிகம் என்பதைக் கனிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

21. இது இப்போது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. முற்றத்துக்கு ஆட வருபவர்கள் இன்று இருபத்து மூன்று பேர். ஒரு பள்ளி ஆசிரியை, இரண்டு கொத்தனார்கள், தன் கணவரைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கூட்டிவந்த ஒரு தையற்காரி. சிலர் தங்களுக்காக வருகிறார்கள், சிலர் வீட்டில் ஒருவருக்காக. யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. ஆனால் புதிதாக வரும் தகப்பன்மார் என்னைத் தனியே கூப்பிட்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் கண்டுபிடிக்கவில்லை, என் மனைவி கண்டுபிடித்தாள், நான் களிமண் மீது புகார் கொடுத்தேன் என்று உள்ளதைச் சொல்கிறேன். அவர்களுக்கு அதைக் கேட்டதும் ஏதோ ஆறுதலாக இருக்கிறது.

22. இந்த மனுவை நூரி படித்தாள். என்னைப் பற்றிய இரண்டு வரிகளை, மிகை என்று அடித்தாள். தன்னைப் பற்றியதில் ஒன்றையும் அடிக்கவில்லை. தன் முழுப் பெயரோடு ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சேர்க்கிறேன்: நூரி எல்விரா திபதுயிசா, வரும் நவம்பர் 23 அன்று, குடியை விட்டு ஒரு வருடம் முடிகிறது.

ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து,

(அ) 30.10.2023 தேதியிட்ட என் புகாரைத் தள்ளுபடி செய்து, கொன்ராதோவின் கோப்பிலிருந்து எச்சரிக்கைக் கடிதத்தை நீக்கி, முடிந்தால் அவருக்கு நகராட்சி முத்திரையுடன் ஒரு வருத்தக் கடிதம் தரும்படியும் (என் வருத்தத்தை நான் ஏற்கெனவே காலால் தெரிவித்துவிட்டேன்);

(ஆ) குத்தகை ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவை நீக்கி, ஆறு களங்களில் ஒன்றை, வாசல் பக்கத்துக் களமானாலும் சரி, பீர் விற்காத களமாக ஒதுக்கி, மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும்படியும்

பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

பதில் தர சட்டம் தங்களுக்குப் பதினைந்து வேலை நாள் தருகிறது என்பதை அறிவேன். அதை முழுவதும் எடுத்துக்கொண்டால் போட்டிக்கு நாலே நாள் மீதி இருக்கும். எனவே வரும் 19ஆம் தேதி, செவ்வாய், மாலை நான்கு மணிக்கு நாங்கள் இருபத்து மூன்று பேரும் இரும்புகளோடு களத்தின் வாசலில் நிற்போம். தங்கள் உத்தரவு வந்திருந்தால் உள்ளே போவோம். வராவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம். என் லாரியின் பின்பலகையில் களிமண் சட்டத்தை ஏற்றி, தங்கள் அலுவலக ஜன்னலுக்கு எதிரே சதுக்கத்தில் நிறுத்தி, பத்தொன்பது மீட்டர் சொச்சத்தை அளந்து கோடு போட்டு, அங்கேயே பயிற்சியைத் தொடங்குவோம். நூரி குறி தவற மாட்டாள், ஜன்னல் கண்ணாடிக்கு ஆபத்தில்லை. என் முறை வரும்போது மட்டும் சற்றுத் தள்ளி உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். வெடிச் சத்தத்துக்கு இப்போதே மன்னிப்புக் கோருகிறேன். அது நிறைய முறை கேட்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பார்மேனியோ திபதுயிசா (ஒப்பம்)

இடம்: சோக்காச்சியா
தேதி: 12.11.2024

இணைப்பு:
1. மிசாயேல் சியாபாத்தோவின் சம்மதக் கடிதம்
2. இருபத்து மூன்று பேரின் கையொப்பங்கள் (எல்லாம் நேர்கோட்டில்)